முகமது பின் சயீத் உயிரினப் பாதுகாப்பு நிதி: படிவம் எளிது, பணம் வந்து சேர்வதுதான் பாடு

அபுதாபியில் 2009 முதல் இயங்கும் நிதி இது. உலகின் எந்த நாட்டிலிருந்தும் கேட்கலாம். புலி, யானைக்குத்தான் முதல் மரியாதை என்பதில்லை; நத்தை, தவளை, பூஞ்சை, புல் எல்லாவற்றுக்கும் கொடுக்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்க்காத ஓர் உயிரினத்தை வைத்துக்கொண்டு திண்டாடுபவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு.

விண்ணப்பம் இணையத்தில் மட்டும். ஆண்டுக்கு மூன்று கெடு: பிப்ரவரி, ஜூன், அக்டோபர் மாதக் கடைசி. உச்சவரம்பு 25,000 டாலர். அவ்வளவும் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். எந்த உயிரினத்துக்கு எவ்வளவு தந்தோம் என்று தொகையோடு தங்கள் தளத்தில் போட்டிருக்கிறார்கள். புரட்டிப் பார்த்தால் 5,000, 10,000 டாலர் வகையே நிறைய. இந்த வெளிப்படைத்தன்மைக்குத் தனி மதிப்பெண் கொடுக்கலாம். நம் ஊர் நிதிகளில் இதைத் தேடிப் பாருங்கள்!

எப்படி எழுதினால் எடுபடும்? காவிரிப் படுகையின் திமில் மகசீர் மீனை எடுத்துக்கொள்வோம். 2018-இல், அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களைத் தொகுக்கும் உலகளாவிய சிவப்புப் பட்டியலில் மிக அருகிய இனமாகச் சேர்க்கப்பட்டது. பவானியின் துணையாறான மோயாறுதான் அதன் முக்கியப் புகலிடம். அணைகள், வெடிவைத்து மீன்பிடித்தல், ஆற்றில் கொண்டுவந்து விடப்பட்ட வேறொரு மகசீர் இனம் என்று அச்சுறுத்தல்கள் பல. இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்து, ஆற்றின் எந்தப் பகுதி, எந்த மாதங்கள், வேலை தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் எதை அளப்பீர்கள் என்று எழுதுங்கள். ‘விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்’ என்ற ஒற்றை வரி விண்ணப்பத்தைச் சாகடிக்கும். மடிக்கணினிக்கும் திட்டத் தலைவரின் சம்பளத்துக்கும் பாதிப் பணம் போகும் பட்ஜெட்டும் அப்படித்தான். உள்ளூர்க் காவலர் கூலி, பரிசல் வாடகை, நீர் மாதிரி வடிகட்டி, ஜீப் என்று களச்செலவு கண்ணில் பட வேண்டும்.

இங்கிலாந்தின் ரஃபர்ட் அறக்கட்டளையோடு ஒப்பிட்டால், அங்கே சிறு தொகையில் தொடங்கிப் படிப்படியாக ஏறலாம். பரிந்துரையாளர் மூவர் வேண்டும். வெறும் ஆராய்ச்சிக்கும் மாநாட்டுப் பயணத்துக்கும் தர மாட்டார்கள். முதன்முறை கேட்கும் இளைஞர்களுக்கு அதுவே ஏற்றது. ஒரே உயிரினத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்பவர்களுக்கு அபுதாபி.

இனி இந்தியாவிலிருந்து கேட்பவர்களுக்கான சிக்கல். இது நிதியின் குறை அல்ல, ஆனால் திட்டங்கள் சாவது இங்கேதான். வெளிநாட்டுப் பணம் வாங்க, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு வேண்டும். அதைப் பெற, அமைப்புக்கு மூன்றாண்டு வயதும் அந்தக் காலத்தில் 15 லட்சம் ரூபாய் பணிச்செலவும் காட்ட வேண்டும். இல்லாவிட்டால், குறிப்பிட்ட நன்கொடையாளரிடமிருந்து குறிப்பிட்ட தொகைக்கு முன்அனுமதி வாங்கலாம். அதற்கு நிதியின் உறுதிக்கடிதம் கையில் இருக்க வேண்டும். பணம் முதலில் இறங்குவது ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் மட்டுமே. 2020 திருத்தத்துக்குப் பின், பதிவுள்ள அமைப்பு வாங்கி வேறெந்த அமைப்புக்கும் கைமாற்றவும் முடியாது. ஆகவே ‘அவர்கள் பெயரில் வாங்கிக்கொள்வோம்’ என்ற பழைய வழி அடைபட்டுவிட்டது. அந்த அமைப்பே திட்டத்தை நடத்த வேண்டும், நீங்கள் அதில் பணியாளராகச் சேர வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதம்தான் வரம்பு.

வனத்துறை அனுமதியும் அப்படியே. மோயாறு புலிகள் காப்பகங்களுக்குள் ஓடுகிறது. தலைமை வன உயிரினக் காப்பாளரின் ஒப்புதல் இல்லாமல் தண்ணீரில் கால் வைக்க முடியாது. நிதி கிடைத்த பிறகு அதற்கு மனுப் போட்டால், கோடை போய்ப் பருவமழையில் ஆறு நிறைந்து நிற்கும். நிதிக்கு விண்ணப்பிக்கும்போதே வனத்துறைக்கும் மனுவை அனுப்பிவிடுங்கள். மாதிரிகளை உள்நாட்டு ஆய்வகத்துக்கே திட்டமிடுங்கள். வெளிநாட்டுக்கு என்றால் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி தனி.

டாலர் மதிப்பு ஏறி இறங்குவதற்கும் வங்கிக் கட்டணத்துக்கும் பட்ஜெட்டில் சிறிது ஒதுக்கிவிடுங்கள். நிதி தரும் திட்ட எண்ணை எல்லா அறிக்கையிலும் கட்டுரையிலும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.