ஐல் ஆஃப் வைட் இசை விழாவுக்கு அறை தேடுகிறவர்கள் கவனத்திற்கு

இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய தீவான ஐல் ஆஃப் வைட்டில் ஜூன் மாதம் நடக்கும் இசை விழாவுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று, கூடாரம் சரிப்படாது, அறைதான் வேண்டும் என்று தேடுகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

"விழாத் திடலிலிருந்து ஒன்றரை மைல், இரவில் காரில் அழைத்து வருவோம்" என்றுதான் எங்களுக்கு அறை கொடுத்தவர் விளம்பரம் போட்டிருந்தார். ஒன்றரை மைல் என்பது பொய்யில்லை, அதுதான் கொடுமை. வீடு மெடினா ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. விழா நடக்கும் சீக்ளோஸ் பார்க், நியூபோர்ட் ஊரை ஒட்டிக் கிழக்குக் கரையில். நியூபோர்ட்டை விட்டால் ஆறு கடலில் சேரும்வரை பாலமே கிடையாது. வடக்குக் கோடியில் கௌஸுக்கும் ஈஸ்ட் கௌஸுக்கும் நடுவே, ஆற்றின் குறுக்கே கிடக்கும் சங்கிலியைப் பிடித்து நகரும் சங்கிலிப் படகு ஒன்று ஓடுகிறது. 2017இல் வந்த அந்தப் படகு பழுதாகி நிற்பது தீவுக்காரர்களுக்கே தீராத தலைவலி. மேடை வெளிச்சம் எதிர்க்கரையில் தெரிகிறது, பாட்டும் கேட்கிறது. ஆனால் போய்ச் சேர நியூபோர்ட் வழியாகச் சுற்றி இரண்டு மடங்குக்கு மேல் நடக்க வேண்டும். திரும்பும்போது நள்ளிரவு, நடைபாதை இல்லாத ரோட்டோரம். கூட வந்த அக்காவுக்கு முட்டிவலி வேறு.

காருக்குத் தலைக்கு இவ்வளவு, தடவைக்கு இவ்வளவு என்ற கணக்கு நாங்கள் தீவில் இறங்கிய பிறகுதான் வாட்ஸ்அப்பில் வந்தது.

படத்தில் பார்த்த அறை அந்த வீட்டு மாடியில் இருந்தது. எங்களுக்குத் தந்ததோ பின்தோட்டத்தில் நின்ற பழைய கேரவன். சமையலறை ஜன்னல் வழியாக இழுத்துவிட்ட ஒரு வயரில்தான் மின்சாரம். ஹீட்டரைப் போட்டால் விளக்கு அணைந்துவிடும். மெத்தையைத் தூக்கினால் அடியில் பலகை நனைந்து கறுத்திருந்தது. கேட்டதற்கு, விழா வாரத்தில் இது கிடைத்ததே பெரிது என்றார்.

இதைவிடப் பெரிய அநியாயம் பணத்தில். முன்பணம் முன்பதிவுத் தளத்தின் வழியாகக் கார்டில் போனது. விழா நெருங்கி, தீவில் வேறு அறையே இல்லாத நேரமாகப் பார்த்து, மீதியை வங்கிக் கணக்கில் நேரடியாகப் போடாவிட்டால் அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மிரட்டினார். இப்போது தளம் அந்த மீதிக்குப் பொறுப்பில்லை என்கிறது. ஏமாற்றி வாங்கிய வங்கிப் பரிமாற்றத்தை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்ற விதி பிரிட்டனில் அக்டோபர் 2024 முதல் இருக்கிறது. ஆனால் தங்க ஓர் இடம் தந்துவிட்டாராம், அதனால் இது மோசடி இல்லை, வாடிக்கையாளர் தகராறு என்று வங்கி கையை விரித்துவிட்டது.

கிரெடிட் கார்டில் கட்டினால் ஒரு பிடி இருக்கிறது. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான விலைக்கு, ஒரு பகுதியை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் கார்டு நிறுவனமும் பொறுப்பு. நடுவில் முன்பதிவுத் தளம் இருந்தால் இது செல்லாது என்று வாதிடுவார்கள். முடிந்தவரை விடுதியிடமே நேராகக் கார்டில் கட்டுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை நியூபோர்ட்டிலேயே கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். அடுத்தது ஈஸ்ட் கௌஸ்: திடல் இருக்கும் கரை, சவுத்தாம்ப்டன் கார் படகும் அங்கேதான் வருகிறது. பயணிகளுக்கான வேகப்படகு எதிர்க்கரைக் கௌஸுக்குப் போகும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். "ரயில் நிலையம் அருகில்" என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். தீவின் ரயில் ரைடிலிருந்து ஷாங்க்ளின் வரை கிழக்கோரமாக ஓடுகிறது. நியூபோர்ட்டுக்கு ரயில் நின்று போனது 1966இல். வெண்ட்னர், ஃப்ரெஷ்வாட்டர் அழகான ஊர்கள்தான், ஆனால் விழா முடிந்து நள்ளிரவில் திரும்ப ஏற்றவை அல்ல. எந்த ஊரானாலும் விழாப் பேருந்து அங்கே இரவு எத்தனை மணிவரை வருகிறது என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். அறை எந்தக் கரையில் என்பதையும், படத்தில் உள்ள அறைதான் தருவார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

முன்பணத்துக்கான எங்கள் மனு கார்டு நிறுவனத்திடம் இன்னும் கிடக்கிறது. அந்த மாடி அறைப் படம் அடுத்த ஜூனுக்கான விளம்பரத்தில் மறுபடி ஏறியிருக்கிறது, அதே ஒன்றரை மைல் வாசகத்தோடு.