கொலு ஜாடிக்கு ஜெர்பெராவா, டெய்சி சாமந்தியா?

கும்பகோணத்தில் இப்போது பல வீடுகளில் கொலுப்படிக்கு இரண்டு பக்கமும் ஜாடியில் காம்போடு பூ வைக்கிறார்கள். சரம் என்றால் மறுநாள் மாற்றிவிடலாம். ஜாடிப் பூ, முதல் நாள் வைத்தால் சரஸ்வதி பூஜை வரைக்குமாவது தாக்குப்பிடிக்க வேண்டும். கடையில் பெரும்பாலும் இரண்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்: ஜெர்பெரா, இல்லாவிட்டால் வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாக இருக்கும் டெய்சி வகைச் சாமந்தி. இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு நான் சாமந்திக்கு மாறிவிட்டேன்.

பார்வைக்கு ஜெர்பெராதான் முந்தும். உள்ளங்கை அகலப் பூ, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சும் சிவப்பும். ஓசூர், நீலகிரிப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் விளைவது. விலை இரண்டுக்கும் முகூர்த்த நாளைப் பொறுத்து ஏறி இறங்கும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பார்க்க வேண்டியது காம்பை. ஜெர்பெரா காம்பில் இலை கிடையாது. உள்ளே வெற்றிடம், மேலே பூனைக்குட்டி காது மாதிரி மெல்லிய ரோமம். நம் பக்கத்துப் புழுக்கத்தில் ஜாடித் தண்ணீரில் கிருமி சீக்கிரம் பெருகி, காம்புக்குள் நீர் ஏறும் வழியை அடைத்துவிடும். இதழ் ஒன்றுகூட வாடியிருக்காது. பூவுக்குக் கொஞ்சம் கீழே கழுத்து மடங்கித் தலை தொங்கிவிடும். காம்புக்கு ஸ்ட்ராவோ கம்பியோ கொடுத்துக் கட்டுவது இதனால்தான். இதைத் தடுக்க வழி இருக்கிறது. ஜாடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஜெர்பெராவைச் செடியிலிருந்து வெட்டாமல் பிடுங்கித்தான் எடுப்பார்கள். அந்தக் கெட்டியான அடிப்பகுதியை இரண்டு மூன்று செ.மீ. நறுக்கிவிட வேண்டும். தண்ணீர் நாலு விரல் ஆழம் போதும், அதில் சில சொட்டு ப்ளீச். சர்க்கரை மட்டும் போட்டால் கிருமிக்குத்தான் தீனி. தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். சுண்டலும் தாம்பூலமும் வருகிறவர்களுமாக இருக்கும் அந்த ஒன்பது நாளில் இத்தனையும் நடக்குமா?

சாமந்தி இவ்வளவு கேட்காது. காம்பு விறைப்பு, தலை தொங்குவது அபூர்வம். இரண்டு நாளைக்கொரு முறை தண்ணீர் மாற்றினால் கொலு முடியும்வரை நிற்கிறது. குளுமையான அறையென்றால் இரண்டு வாரம்கூட. அடியில் கட்டை போல முற்றியிருக்கும் பகுதி தண்ணீரைச் சரியாக இழுக்காது, பச்சையாக இருக்கும் இடத்தில் நறுக்குங்கள். தண்ணீருக்குள் ஓர் இலைகூட இருக்கக் கூடாது. அழுகினால் கூடமே நாறும். பூவுக்கு முன்னால் இலைதான் பழுக்கும், பயப்படாமல் கிள்ளிவிடலாம். வாங்கும்போது மஞ்சள் நடுவை விரலால் தொட்டுப் பாருங்கள். இறுக்கமாக, கொஞ்சம் பச்சையோடியிருந்தால் புதுசு. பொடி ஒட்டினால் பழசு.

ஆஸ்டரும் இதே குடும்பம்தான். அதை ஐப்பசி மழையில் மட்டுமே வைத்திருக்கிறேன், சாமந்தி அளவுக்கு நிற்கவில்லை. சித்திரை வெயிலில் எப்படியோ, என்னால் சொல்ல முடியாது. நாகை, வேதாரண்யம் பக்கம் போர்த் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் வீடுகளில் எந்தப் பூவானாலும் குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள்.

வளைகாப்பு, நிச்சயதார்த்தம் மாதிரி ஒரே நாள் விசேஷத்துக்கு மட்டும் நானும் ஜெர்பெராதான் வாங்குவேன். முதல் நாள் சாயங்காலமே காம்பை நறுக்கித் தண்ணீரில் நிறுத்திவிடுங்கள். ஃபேனுக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம்.