முன்கண்ணாடியில் கல் பட்டால்: ரிப்பேரா, மாற்றுவதா?

கார் முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம். லாரி டயரிலிருந்து தெறித்த கல், வெளித்தகட்டில் மட்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும் சில்லைப் பெயர்த்திருந்தால் ரிப்பேரே போதும். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, ரெசின் என்னும் திரவப் பிசினைச் செலுத்தி, புற ஊதா ஒளியில் இறுக வைப்பார்கள். லேசான தழும்பு மிஞ்சும். அதனால் ஓட்டுநர் பார்வைக்கு நேரே விழுந்த சில்லுக்கு நான் ரிப்பேரைச் சொல்லமாட்டேன்.

விரிசல் ஓரத்தைத் தொட்டுவிட்டதா, உள்தகடும் உடைந்ததா? மாற்றத்தான் வேண்டும். செலவு பல மடங்கு. பசை இறுகும்வரை வண்டியை எடுக்கக்கூடாது. ஓட்டுநருக்கு உதவ, சாலையைக் கவனிக்கும் கேமரா கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் அதையும் மறுபடி சரிபார்த்து அமைக்க வேண்டும். இன்சூரன்ஸில் கண்ணாடிக்குத் தேய்மானம் (பழசானதற்கான கழிவு) பிடிப்பதில்லை, சரி. ஆனால் க்ளெய்ம் செய்தால் சாதாரணமாக நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் செய்யாததற்காகப் புதுப்பிக்கும்போது பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும். சின்னச் சில்லுக்கு அது கட்டுப்படியாகாது.