தண்டு ஒடிந்தது தேறிவிட்டது, மாவு போனதுதான் தேறவில்லை: ஜன்னலோர எச்செவேரியா, நெடுநாள் அனுபவம்

ஜன்னலில் வைக்க, இலையில் நீர் சேர்த்துவைக்கும் சதைப்பற்றுச் செடியான சக்குலென்ட் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன், உன்னிடம் இருக்கிற அந்தச் சாம்பல்நீல எச்செவேரியாவே வாங்கட்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். உடனே பதில் சொல்ல வரவில்லை. பலத்த காற்றில் ஜன்னல் கதவு அடித்துத் தொட்டியோடு கீழே விழுந்து, தண்டு ஒடிந்து, பிறகு தேறி, இன்றும் அதே ஜன்னலில் நிற்கும் செடி அது. வெயில் வேண்டும், தண்ணீர் குறைவாக வேண்டும், தொட்டியில் ஓட்டை வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. அதற்கு மேல் உள்ளதைச் சொல்கிறேன்.

ஒடிந்ததிலிருந்து அது எழுந்த விதத்துக்கு எவ்வளவு பாராட்டினாலும் தகும். நசுங்கிய இடத்துக்கு மேலே, ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் தண்டை நேராக வெட்டினேன். வெட்டிய தலையை, அதாவது இலைக்கொத்தோடு உள்ள மேல்பகுதியை, உடனே நடக் கூடாது. வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை காற்றோட்டமான நிழலில் சும்மா விட வேண்டும். ஈரத்தோடு நட்டால் அந்த வழியாகவே அழுகல் ஏறி, தண்டு கறுத்துவிடும். காயப்போட்ட நாட்களில் கீழ் இலைகள் சுருங்கின. இந்தச் சமயத்தில் பதறித் தண்ணீர் ஊற்றத்தான் கை போகும். வேரே இல்லாத செடிக்கு ஊற்றி என்ன பயன்? இலைகளில் சேர்த்துவைத்த நீரை வைத்தே அது காலம் தள்ளும். காய்ந்த மண் கலவைமேல் உட்காரவைத்தேன். சில வாரங்களில் தண்டிலிருந்து இளஞ்சிவப்பு வேர்கள் இறங்கின. அப்புறம்தான் தண்ணீர். சுருக்கம் தானாக விரிந்துவிட்டது.

பழைய தொட்டியில் மிச்சமிருந்த மொட்டைத் தண்டையும் தூக்கிப்போடவில்லை. நுனி போனதால் உறங்கிக்கிடந்த பக்க மொட்டுகள் விழித்துக்கொண்டு, இலை இருந்த தழும்புகளின் ஓரத்தில் குட்டித் தலைகளாக வந்தன. உதிர்ந்த இலைகளில் அடிப்பகுதி முழுதாகக் கழன்றவை மட்டும் மண்மேல் கிடந்தபடியே வேர்விட்டன. பாதியில் கிழிந்தவை வாடிப்போயின. ஒன்றிரண்டு இலைகள் வேர் மட்டும் விட்டுக் குருத்தே வைக்காமல் கிடந்தன. அப்படியும் நடப்பதுண்டு.

கலவை பற்றி ஒரு வார்த்தை. தொட்டிக்கு அடியில் ஜல்லி பரப்பு என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். வேண்டாம். நுண்ணிய மண்ணில் பிடித்திருக்கும் நீர், கீழே உள்ள பெரிய இடைவெளிகளுக்குள் லேசில் இறங்காது. ஜல்லிக்கு மேலேயே நின்று, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். அதே சின்னக் கற்களையும், பெர்லைட் என்ற லேசான வெள்ளைப் பொரிகல்லையும் மண்ணோடு தாராளமாகக் கலந்தால் பலன் உண்டு.

சரி, இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

இவ்வளவு பெரிய அடியைத் தாங்கிய இந்தச் செடியால் ஒரு திரைச்சீலையின் உரசலைத் தாங்க முடியாது. அதன் சாம்பல்நீலம் இலையின் மேல் படிந்திருக்கும் மெழுகு மாவால் வருவது. கடும் வெயிலைச் சிதறடிக்கவும், தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடவும் செடி தானே பூசிக்கொள்ளும் காப்பு அது. விரல் பட்டால் வந்துவிடும். முற்றிய இலையில் ஒருமுறை போனால் பழையபடி படியாது. விழுந்தபோது தூக்கிய விரல்களின் தடம் அந்த இலைகளில் அப்படியே இருந்தது. அதை மன்னிக்கலாம், ஆபத்துக் காலம். ஆனால் திரைச்சீலை காற்றில் ஆடும்போதெல்லாம் ஒரு பக்கத்து இலைகளில் பச்சைத் திட்டுகள் விழுந்துகொண்டே இருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

தள்ளி வை என்பீர்கள். எங்கே தள்ளுவது? ஜன்னலை விட்டு அறைக்குள் நகர நகர வெளிச்சம் சட்டென்று குறைகிறது. வெளிச்சம் போதாவிட்டால் தண்டு நீண்டு இலைகள் இடைவெளி விட்டுப் போய்விடும். நீண்ட தண்டு பிறகு எவ்வளவு வெயில் காட்டினாலும் சுருங்காது. ஆக, அது நிற்கக்கூடிய ஒரே இடம் ஜன்னல்தான், அங்கேதான் எல்லாம் உரசுகிறது.

தூசியைத் துணியால் துடைக்க முடியாது, கேமராவுக்கு வைத்திருக்கும் காற்றுப் பம்பால் ஊத வேண்டும். மாவுப்பூச்சி வந்தால் இன்னும் மோசம். இலை இடுக்கில் இருக்கும் அதன் வெள்ளைப் பஞ்சு, செடியின் சொந்த மாவோடு கலந்து முதலில் கண்ணில் படவே இல்லை. எழுபது சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒற்றினால் பூச்சி போகும், அந்த இடத்து மாவும் சேர்ந்து போகும்.

பாழான இலையைக் கிள்ளி எறி என்ற யோசனையையும் நான் ஏற்கவில்லை. ஒவ்வோர் இலையும் ஒரு தண்ணீர்த் தொட்டி. அழுகாத இலையை அழகுக்காகப் பிடுங்குவது தேறிவரும் செடிக்குச் செய்யும் அநியாயம். புதிய இலைகள் நடுவிலிருந்து மாவோடு வரும், பழையவை கீழே போய்க் காய்ந்து உதிரும். அதுவரை காத்திருப்பது ஒன்றே வழி. காத்திருப்பும் சின்னது அல்ல. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை அமிலமாகச் சேர்த்துவைத்துப் பிழைக்கும் இனம் இது. தண்ணீர் மிச்சமாகும், வளர்ச்சி நிதானம்தான்.

திரைச்சீலையை ஓரமாக இழுத்துக் கட்டி, வாரம் ஒருமுறை விளிம்பைப் பிடித்துத் தொட்டியைக் கால் சுற்று திருப்பி, தண்ணீரை மண்ணில் மட்டும் ஊற்றி வருகிறேன். நடு அடுக்கு இப்போது முழு மாவோடு, ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கிறது.

இருந்தும் நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். ஜன்னலுக்கு ஹவோர்த்தியா என்ற இன்னொரு சக்குலென்ட் வாங்குங்கள். தென்னாப்பிரிக்காவில் புதர்களின், பாறைகளின் நிழலில் வளர்ந்து பழகியது. வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் எளிதில் வடிவம் கெடாது, தாராளமாகத் தொடலாம், துடைக்கலாம். ஆனால் யாராவது ஒடிந்த எச்செவேரியா ஒன்றைக் குப்பையில் போடப் போனால் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தண்டின் அடியைப் பிடித்துத் தூக்குங்கள், இலையில் கை வைக்காதீர்கள்.