முடிவு தெரிந்த கதைக்கு மூன்று வழிகள்: 'மெர்லின்', 'கேமலாட்', 'ராபின் ஆஃப் ஷெர்வுட்'

பிரிட்டனின் பழங்கதைகளில் வரும் ஆர்தர் மன்னன் மோர்ட்ரெட் என்பவன் கையால் அடிபட்டுச் சாவான், மந்திரக்காரி மோர்கனா அவனுக்குப் பகையாவாள், காட்டில் மறைந்து வாழும் வில்வீரன் ராபின் ஹூட்டுக்கு நல்ல சாவு வாய்க்காது என்பதெல்லாம் அந்தக் கதைகளைக் கேட்டவர்களுக்கு முன்பே தெரியும். முடிவு தெரிந்துவிட்ட கதையைப் பத்து, இருபது, அறுபது பகுதிகளாகப் படம்பிடித்து ஆட்களை உட்கார வைப்பதற்கு என்ன வேண்டும் என்பதே இத்தகைய தொடர்களை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி. காரைக்குடிப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானதுதான். சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம் ஆண்டுதோறும் பங்குனியில் விழா எடுக்கிற ஊர் இது. விழாவின் நிறைவு நாளில் நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதிக்குப் போய் வருகிறவர்களில், இராமன் காட்டுக்குப் போவானா மாட்டானா என்று அறியாதவர் ஒருவரும் இல்லை. ஆயினும், கைகேயி வரம் கேட்கும் இடத்தைப் பேச்சாளர் நெருங்கும்போது மண்டபம் அடங்கிப் போவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறேன்.

இந்தக் கோடை விடுமுறையில் அந்தக் கேள்வி எங்கள் வீட்டு வளவுக்கே வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்திருந்த, எட்டு வயது முதல் பதினாறு வயது வரையிலான ஐந்து பிள்ளைகள். எண்பதைக் கடந்த, ஆங்கிலம் அறியாத அப்பத்தா. ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் சேர்ந்து பார்க்கத்தக்க ஒரு தொடரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இடைக்காலக் கர்ணபரம்பரைக் கதைகளில் எனக்கு இருக்கும் பற்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும் என்பதால், மூன்று தொடர்களை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதிகளை முதலில் போட்டுப் பார்த்தோம். அப்பத்தாவுக்கு அருகில் அமர்ந்து கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தது நான்தான். எந்தத் தொடருக்கு எவ்வளவு விளக்கம் தேவைப்படுகிறது என்பதே ஒரு நல்ல உரைகல் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

மூன்றின் விவரம் சுருக்கமாக இது. 'மெர்லின்' பிபிசியில் 2008 செப்டம்பர் முதல் 2012 டிசம்பர் வரை ஐந்து பருவங்களாக வந்தது. பருவத்துக்கு 13 வீதம் 65 பகுதிகள். 'கேமலாட்' அமெரிக்காவின் ஸ்டார்ஸ் அலைவரிசையில் 2011இல் வந்து, பத்தே பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. 'ராபின் ஆஃப் ஷெர்வுட்' பிரிட்டனின் ஐடிவியில் 1984 முதல் 1986 வரை 26 பகுதிகளாக வந்த பழைய தொடர். அதை உருவாக்கி, பெரும்பாலான பகுதிகளை எழுதியவர் ரிச்சர்ட் கார்ப்பென்டர்.

தொடங்கிய அன்றே பதினாறு வயதுப் பையன் ஒரு முறையீட்டை வைத்தான். மூலக் கதையில் மந்திரவாதி மெர்லின் நரைத்த தாடி வைத்த கிழவன். இங்கே காதும் கழுத்தும் நீண்ட ஒரு பையனாக வருகிறானே, இது சரியா என்று கேட்டான். இந்தக் கதைகளைப் பொறுத்தவரை மூலம் என்று ஒற்றை ஏட்டைக் காட்ட முடியாது. ஜெஃப்ரி ஆஃப் மான்மத் 1130களில் லத்தீனில் எழுதியபோது ஆர்தர் இருந்தான், மெர்லின் இருந்தான், லான்சலாட் இல்லை. ஆர்தரின் அரசி கினிவரைக் காதலிக்கும் வீரனாக லான்சலாட்டை அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் கொண்டு வந்து சேர்த்தவர் கிரெத்தியன் என்னும் பிரெஞ்சுக் கவிஞர். மாலரி என்பவர் அத்தனையையும் ஆங்கிலத்தில் தொகுத்து எழுதியது 1485இல் அச்சேறியது. கம்பரைப் பன்னிரண்டாம் நூற்றாண்டினர் என்று கொள்வோருக்கு, அவரும் அந்தப் பிரெஞ்சுக் கவிஞரும் ஏறக்குறைய ஒரே காலத்தவர். வால்மீகியில் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்லும் இராவணனைக் கம்பர் பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்தெடுத்துச் செல்ல வைத்தாரே, அதை நாம் குறையாகவா சொல்கிறோம்? மாற்றினார்களா என்று கேட்பதைவிட, மாற்றியதால் கதைக்குள் என்ன திறந்தது என்று கேட்பதே முறை. மூன்று தொடர்களையும் அந்த அளவுகோலால்தான் அளந்தேன்.

'மெர்லின்' செய்த மாற்றம் பார்வைக்குச் சிறியது, விளைவில் பெரியது. ஆர்தரும் மெர்லினும் ஏறக்குறைய ஒரே வயதினர். ஒருவன் இளவரசன், மற்றவன் அவனுக்குச் செருப்பும் கவசமும் துடைக்கும் பணியாள். ஆர்தரின் தந்தை ஊதர் தன் நாட்டில் மந்திரத்தைத் தடைசெய்து, மீறுவோருக்கு மரண தண்டனை விதித்திருக்கிறார். முதல் பகுதியில், தோளில் மூட்டையோடு மெர்லின் கோட்டை முற்றத்துக்குள் நுழைகிற நேரத்தில், அங்கே மந்திரம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவனின் தலையை வெட்டுகிறார்கள். கூட்டத்தில் நிற்கும் அந்தப் பையனின் முகம் மாறுவதைப் பார்த்தவுடன், அவனிடம் மந்திர சக்தி இருப்பதையும் அதை அவன் மறைத்தாக வேண்டும் என்பதையும் யாரும் விளக்கத் தேவையில்லாமல் அப்பத்தா புரிந்துகொண்டார். அடுத்து வரும் 64 பகுதிகளுக்கும் அந்த ஒரு காட்சியே அடித்தளம்.

இந்தத் தொடரின் ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், மோர்கனாவிடம் என்றே சொல்வேன். கேட்டி மக்ராத் நடித்த மோர்கனா முதல் பருவத்தில் நல்லவள். ஊதரின் வளர்ப்புப் பெண்ணாக இருந்தும் அவருடைய கொடுமையை அவர் முகத்துக்கு நேரே எதிர்ப்பவள், பணிப்பெண்ணைத் தோழியாக நடத்துபவள். இவள் பின்னால் யாராகப் போகிறாள் என்பது கதை தெரிந்தவர்களுக்குத் தெரியும். அரண்மனையில் ஒருவருக்கும் தெரியாது. அவள் சிரித்துப் பேசுகிற ஒவ்வொரு காட்சியும் அதனாலேயே மனத்தைப் பிசைகிறது. இரண்டாம் பருவத்தின் பன்னிரண்டாம் பகுதியில் நகரமே மந்திரத் தூக்கத்தில் சாய்ந்து கிடக்கிறது. அந்த மந்திரம் மோர்கனாவின் உயிரோடு, அவளுக்கே தெரியாமல், அவளுடைய சகோதரியால் கட்டப்பட்டிருக்கிறது. அவள் இறந்தாலொழிய மற்றவர்கள் பிழைக்க முடியாது. மெர்லின் ஒரு தோல்பையில் தண்ணீரை நிரப்பி, அதில் விஷத்தைக் கலந்து, தான் முதலில் குடிப்பதுபோல் பாவனை காட்டி, அவளிடம் நீட்டுகிறான். அவள் நம்பிக் குடிக்கிறாள். தொண்டை அடைத்து அவள் சரியும்போது அவளைத் தாங்கிப் பிடித்து அழுபவனும் அவனே. அவள் கண்கள் அவனைப் பார்க்கும் அந்தச் சில நொடிகளில்தான் பிற்காலப் பகைவி பிறக்கிறாள்.

அப்பத்தா அன்று இரவு வெற்றிலையை மடித்தபடியே என்னிடம் கேட்டார்: "ஏய்யா, அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுங்கிற. கூடப் பழகுனவனே தண்ணின்னு சொல்லி விஷத்தைக் குடுத்துட்டான். பெறகு அவ கெட்டவளாப் போனான்னா யாரு மேல குத்தம்?"

கம்பன் விழாவில் பல ஆண்டுகள் கேட்டுத் தேர்ந்த காதுகள் அவருக்கு. மந்தரையின் மனத்தில் வன்மம் முளைத்ததற்குக் கம்பர் சொல்லும் காரணம், இராமன் சிறுவனாக இருந்தபோது விளையாட்டாக அவள் கூன்மேல் வில்லால் எய்த மண் உருண்டை. கைகேயியைப் பற்றியும், தேவியின் தூய சிந்தையும் திரிந்தது என்றுதான் அவர் பாடுகிறார். தீயவளாகவே அவளை அறிமுகப்படுத்தவில்லை. நாயகனின் கையிலிருந்தே பகைக்கு முதல் வித்து விழுவதும், நல்லவள் ஒருத்தி நம் கண்முன்னே திரிவதும் முடிவு தெரிந்த கதைக்கு உயிரூட்டுகின்றன. அந்தச் சூட்சுமத்தை 'மெர்லின்' எழுதியவர்கள் நன்றாகவே பிடித்திருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பது நியாயமில்லை. வாரம் ஒரு பூதம், வாரம் ஒரு சூனியக்காரி என்று நகரும் பகுதிகள் முதல் இரண்டு பருவங்களில் நிறைய. மெர்லின் மந்திரம் செய்ய வேண்டிய ஒவ்வொரு முறையும் ஆர்தர் தலையில் அடிபட்டு மயங்கி விழுவதைப் பிள்ளைகளே முன்கூட்டிச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதைவிடப் பெரிய வருத்தம் எனக்கு ஒன்று இருக்கிறது. ஆர்தர் அரசனானால் மந்திரமும் மக்களும் ஒன்றாக வாழும் பொற்காலம் வரும் என்று ஐந்து பருவங்களாக வாக்குறுதி தருகிறார்கள். அந்தக் காலத்தை ஒரு நாளாவது காட்டவில்லை. மெர்லினின் இரகசியம் ஆர்தருக்குத் தெரிவதே கடைசிப் பகுதிகளில்தான். இரண்டு நண்பர்களும் உண்மை தெரிந்தவர்களாக அரசாள்வதை ஒரு பருவமாவது பார்த்திருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கோட்டையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வட பிரான்ஸில் உள்ள பியர்ஃபோன் கோட்டையில் அதைப் படம்பிடித்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுக் கிடந்த அந்தக் கோட்டையை, மூன்றாம் நெப்போலியனுக்காக வியொலே லெ தூக் என்னும் கட்டடக் கலைஞர் 1857இல் திருத்திக் கட்டத் தொடங்கினார். இருந்ததை மட்டும் மீட்காமல், இடைக்காலக் கோட்டை எப்படி இருக்க வேண்டும் என்று தாம் கண்ட கனவையும் சேர்த்தே கட்டினார். கர்ணபரம்பரைக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான வீடு ஏது? பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் உள்ள நம்முடைய வீடுகளில் படப்பிடிப்பு நடப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, உண்மையான தூணில் விழும் வெயிலும் அட்டைத் தூணில் விழும் விளக்கொளியும் ஒன்றல்ல என்று சொல்லித்தர வேண்டியதில்லை. 'மெர்லினில்' கணினியால் செய்த மிருகங்கள் பல இடங்களில் பொம்மைபோல் தெரிந்தாலும், அந்தக் கல் முற்றமும் படிக்கட்டும் அவற்றைத் தாங்கிக்கொள்கின்றன.

'கேமலாட்' தொடரைப் பிள்ளைகளோடு பார்க்க முடியாது. இரண்டாம் பகுதியோடு நிறுத்திவிட்டுப் பிறகு தனியாகப் பார்த்து முடித்தேன். படுக்கையறைக் காட்சிகளும் கொடூரமும் மிகுதி. ஈவா கிரீன் இங்கே மோர்கன் என்ற பெயரில் வரும் மோர்கனாவாகவும், ஜோசஃப் ஃபைன்ஸ் மொட்டைத் தலை மெர்லினாகவும் நடிப்பில் முந்தைய தொடரின் நடிகர்களை விஞ்சுகிறார்கள். ஆனால் முதல் பகுதியிலேயே மோர்கன் தன் தந்தைக்கு விஷம் வைத்துவிடுகிறாள். முதல் நாளே பகைவியாக வந்து நிற்பவளிடம் அஞ்சுவதற்கு நிறைய உண்டு, இழப்பதற்கு ஒன்றும் இல்லை. அப்பத்தா பார்த்தது இரண்டே பகுதிகள். அதற்குள் அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்த விளக்கம் 'மெர்லினின்' ஒரு பருவத்துக்கு ஆனதைவிட அதிகம்.

ஆயினும் அதன் நான்காம் பகுதியை மட்டும் யாரும் தவறவிடக் கூடாது. அரசனுக்கென ஒரு வாளைச் செய்யச் சொல்லிக் கொல்லன் ஒருவனிடம் மெர்லின் போகிறான். அது கொலையில் முடிகிறது. கொல்லனின் சிறு மகள் அந்த வாளை எடுத்துக்கொண்டு படகில் ஏறித் தப்புகிறாள். அவளைப் பிடிக்க மெர்லின் ஏரியைப் பனிக்கட்டியாக உறைய வைக்க, அவள் நீருக்குள் மூழ்கி அதன் அடியிலேயே சிக்கிச் சாகிறாள். வாளை நீட்டிய அவள் கை கடைசியாகத் தெரிகிறது. அவள் பெயர் எக்ஸ்காலிபர், மரபுக் கதையில் ஆர்தரின் வாளுக்கு உள்ள அதே பெயர். அரண்மனைக்குத் திரும்பிய பிறகு, ஏரியிலிருந்து ஒரு தேவதை எழுந்து அரசனுக்கு வாள் தந்தாள் என்ற கதை பரவுகிறது. ஒரு கொலையின்மேல் தெய்வக் கதை எப்படிப் படிகிறது என்பதை ஒரு மணி நேரத்துக்குள் இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறொரு தொடரை நான் பார்த்ததில்லை. இந்தத் துணிவோடு பத்துப் பகுதிகளையும் எழுதியிருந்தால் என் தீர்ப்பே மாறியிருக்கும்.

'ராபின் ஆஃப் ஷெர்வுட்' வயதில் மூத்தது, காசில் எளியது. கணினி வித்தை அந்தக் காலத்தில் ஏது? காட்டு மூடுபனி, கொம்பு சூடிய வனதெய்வமான ஹெர்ன், கிளானட் குழுவின் இசை ஆகிய மூன்றைக் கொண்டே காட்டை உயிருள்ள இடமாக ஆக்கியிருக்கிறார்கள். பழைய பாடல்களில் இல்லாத நசீர் என்னும் சாரசன் வீரனை ராபினின் கூட்டத்தில் சேர்த்தவர்கள் இவர்களே. அதன் பிறகு வந்த ராபின் கதைகள் பலவற்றில், 1991ஆம் ஆண்டுத் திரைப்படம் உட்பட, முஸ்லிம் தோழன் ஒருவன் இடம்பெற்றுவிட்டான்.

முடிவு தெரிந்த கதையைக் கையாண்ட துணிச்சலில் இந்தத் தொடருக்கே முதலிடம். ராபின் குடியானவன் மகன் என்று ஒரு மரபும், பிரபுவின் மகன் என்று மற்றொரு மரபும் நெடுங்காலமாக உண்டு. இரண்டாம் பருவத்தின் இறுதியில் மைக்கேல் பிரெய்ட் நடித்த குடியானவ ராபினைக் குன்றின் உச்சியில் படைவீரர்கள் சூழ்கிறார்கள். மற்றவர்களைத் தப்ப வைத்துவிட்டுத் தனியே நிற்கும் அவன், கடைசி அம்பும் தீர்ந்தபின், தன் வில்லைத் தானே முறித்துப் போடுகிறான். மூவேந்தரும் முற்றுகையிட்ட பறம்புமலை, இன்றைய பிரான்மலை, எங்கள் பக்கத்து மலை. பாரியின் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்தக் குன்றைப் பார்த்தபோது தொண்டை கனத்தது. மூன்றாம் பருவத்தில் ஹண்டிங்டன் பிரபுவின் மகனாக வரும் ஜேசன் கானரி அதே பெயரை ஏற்று, சிதறிப்போன கூட்டத்தை மறுபடியும் சேர்க்கிறான். நடிகர் விலகியதால் வந்த நெருக்கடியை, பிணங்கிய இரண்டு மரபுகளையும் ஒன்றாக்கும் வாய்ப்பாக ஆக்கிக்கொண்ட சாமர்த்தியம் இது.

எனவே, பல வயதினர் கூடும் வளவுக்கு 'மெர்லின்' என்று முடிவு செய்தோம். இரவுக்கு மூன்று பகுதிகள் வீதம் 22 இரவுகள் ஆயின. முதல் பருவத்தில் சலிப்பு வந்தால் நடுப்பகுதிகள் சிலவற்றைத் தாண்டலாம். மோர்கனாவுக்குக் கெட்ட கனவுகள் வரும் பகுதிகளை மட்டும் தாண்டக் கூடாது. தனியாகப் பார்ப்பவர், அதுவும் பன்னிரண்டு வயதைக் கடந்தவர், 'ராபினை' முதலில் எடுப்பதே நல்லது என்பது என் துணிபு. நாங்கள் அதை இரண்டாவதாக, 13 இரவுகளில் பார்த்தோம். குன்றின் உச்சியில் வில் முறியும் பகுதியைப் பார்த்த இரவே அடுத்த பகுதியையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். நாங்கள் ஒருநாள் இடைவெளி விட்டோம். புதியவனை ராபின் என்று கூப்பிடப் பிள்ளைகளுக்கு மேலும் மூன்று இரவுகள் ஆயின.