நிற்கும் ரோபோவா, நடக்கும் ரோபோவா?

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் வீட்டிலேயே ரோபோ கட்ட இரு வழிகள்: ஜப்பானிய அனிமே கதைகளில் வரும் ராட்சத ரோபோ கண்டாமின் 1/144 அளவிலான பிளாஸ்டிக் மாதிரி, அல்லது சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சர்வோ மோட்டார்களால் நடக்கும் சிறு ரோபோ.

முதலாவதற்குப் பசை தேவையில்லை. பாகங்களை வெட்டியெடுத்து அழுத்திப் பொருத்தினால் போதும். கதையில் 18 மீட்டர் உயர இயந்திரம், மேசையில் 12.5 சென்டிமீட்டராக நிற்கும். அழகில் இதற்கு ஈடில்லை. ஸ்ப்ரே பெயின்ட் மட்டும் சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டுக்குள் வேண்டாம். அந்த நெடி பக்கத்து வீட்டு அக்காவின் ரசத்தோடு போட்டியிடும்.

நடக்கும் ரோபோ அழகற்றது, பிடிவாதமானது. மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் டவரில் கிடைக்கும் 9 கிராம் சர்வோ, உடற்சட்டம் சற்றுக் கனத்தாலே முனகத் தொடங்கிவிடும். புனைகதைகள் சாமர்த்தியமாக மறைக்கும் உண்மை இங்கேதான் பிடிபடுகிறது: எல்லா அளவுகளையும் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகிறது, கால்களின் குறுக்குவெட்டுப் பரப்போ நான்கு மடங்குதான்; பெரிதாகப் பெரிதாகக் கால்கள் தாங்கத் திணறும். யோகோஹாமாவில் 2020 முதல் 2024 வரை கைகால் அசைத்த 18 மீட்டர் கண்டாமையும் ஒரு தாங்கிதான் பின்னாலிருந்து பிடித்திருந்தது.

பொறுமையாக உட்கார்ந்து வேலை செய்யும் பிள்ளைக்கு முதலாவது போதும். “ஏன் விழுகிறது?” என்று துளைத்தெடுக்கும் பிள்ளைக்கு இரண்டாவதைத் தயங்காமல் வாங்கிக் கொடுப்பேன், கூடுதல் பேட்டரிகளோடு.