எய்ட் வேல்யூஸ்: பட்டத்தை விடுங்கள், நான்கு எண்களைப் பாருங்கள்

அரசியலில் இடது, வலது என்று ஒரே கோட்டில் எல்லாரையும் நிறுத்துவது போதாது என்று நினைப்பவர்களுக்கு ஏற்ற இலவச இணையத் தேர்வு எய்ட் வேல்யூஸ் (8values). மொத்தம் 70 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து பொத்தான்கள். முடிவில் நான்கு அச்சுகளில் சதவீதம் வரும்: சமத்துவம்–சந்தை, தேசம்–உலகம், சுதந்திரம்–அதிகாரம், மரபு–முன்னேற்றம். கூடவே, உங்களுக்கு நெருக்கமான சித்தாந்தம் இது என்று ஒரு பட்டமும் வரும்.

2001 முதல் இருந்துவரும் இன்னொரு இணைய அரசியல் தேர்வான பொலிட்டிக்கல் காம்பஸைவிட இதை மேலாக வைப்பேன். காம்பஸின் 62 கூற்றுகளில் எதற்கு எவ்வளவு எடை என்பதை அதை நடத்துபவர்கள் வெளியிடுவதில்லை. -10 முதல் +10 வரையிலான இரண்டு எண்களைத் தருவார்கள், அப்படியே நம்ப வேண்டியதுதான். எய்ட் வேல்யூஸின் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். படித்தால் அதன் பலவீனங்களும் தெரியவரும்.

முதல் கூற்றையே பாருங்கள். அரசின் ஒடுக்குமுறையைவிடப் பெருநிறுவனங்களின் ஒடுக்குமுறையே அதிகக் கவலைக்குரியது என்கிறது அது. ‘வலுவாக ஏற்கிறேன்’ என்றால் சமத்துவத்தில் 10 கூடும், சுதந்திரத்தில் 5 குறையும். வெறும் ‘ஏற்கிறேன்’ என்றால் இரண்டிலும் அதில் பாதி. பேச்சுரிமையில் துளியும் விட்டுக்கொடுக்காத ஒரு தொழிற்சங்கக்காரர் மனதாரப் பதில் சொன்னாலும் அதிகாரத்தின் பக்கம் ஒரு அடி தள்ளப்படுகிறார். ஒரே கூற்றை இரண்டு அச்சுகளில் கட்டிவிட்டதன் விளைவு இது.

நடுப்பொத்தானில் கவனம் தேவை. ‘நடுநிலை’, ‘தெரியவில்லை’ இரண்டுக்கும் அதே பொத்தான்தான், மதிப்பு பூஜ்யம். எழுபதிலும் அதையே அழுத்தினால் நான்கு அச்சுகளிலும் 50 வரும், மையவாதி என்ற பட்டமும் வரும். விஷயம் புரியாமல் தாண்டிப்போனவரும், யோசித்து நடுவில் நிற்பவரும் ஒரே இடத்தில் விழுகிறார்கள். கூற்று புரியவில்லை என்றால் அதைப் பற்றிப் படித்துவிட்டு வந்து பதில் சொல்லுங்கள்.

சித்தாந்தப் பட்டத்தை நான் பொருட்படுத்துவதில்லை. ஒவ்வொரு சித்தாந்தத்துக்கும் முன்கூட்டியே நான்கு எண்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் எண்களுக்கு மிக அருகில் இருப்பதை நிரல் தேடி எடுக்கிறது. பொருளாதாரத்திலும் (சமத்துவம்–சந்தை) சுதந்திரத்திலும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்குகிறது, அதாவது அடுக்கு 2. மற்ற இரண்டுக்கும் அடுக்கு ஏறத்தாழ 1.74 மட்டுமே. அதாவது, 20 புள்ளி வித்தியாசம் முதல் இரண்டில் 400 ஆகிறது, மற்றவற்றில் சுமார் 183தான். மதம், பண்பாடு, தேசியம் ஆகியவற்றில் பெரிதும் வேறுபடும் இருவருக்கு ஒரே பட்டம் கிடைப்பது இதனால் எளிதாகிறது. நான்கு அச்சுகளின் சதவீதங்களையும் தனித்தனியாகப் படிப்பதே சரி. 60க்கு மேல் போனால்தான் அந்தப் பக்கத்தின் பெயர் வரும். 40 முதல் 60 வரை எல்லாமே நடுவில் சேரும்.

யாராவது தங்கள் முடிவின் இணைப்பை அனுப்பினால் அப்படியே நம்ப வேண்டாம். நான்கு எண்களும் முகவரியிலேயே இருப்பதால் மாற்றி எழுதினால் பக்கமும் மாறிவிடும்.

நமக்குப் பெரிய குறை இன்னொன்று. சாதி, இடஒதுக்கீடு, மாநில சுயாட்சி, மொழித் திணிப்பு பற்றி ஒரு கூற்றுகூட இல்லை. தமிழ்நாட்டில் ஒருவரின் அரசியலை நிர்ணயிப்பவையே இவைதான். தாய்மொழியைக் காக்கப் போராடுகிற நாத்திகரை மரபு–முன்னேற்றம் என்ற ஒற்றைக் கோட்டில் எங்கே வைப்பது? மத்திய அரசின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்பவருக்கும், தேசத்தையும் உலகத்தையும் மட்டுமே எதிரெதிராக வைக்கும் அச்சில் இடமில்லை.

நிரல் திறந்திருப்பதால் இதைத் திருத்த முடியும். கூற்று ஒவ்வொன்றும் ஒரு வாசகமும் நான்கு எண்களும் மட்டுமே. புதிதாகச் சேர்த்தால் உச்ச மதிப்பெண்ணை நிரலே மறுபடி கூட்டிக்கொள்ளும். சித்தாந்தப் பட்டியலின் எண்களை மட்டும் கையால் புதிதாகக் குறிக்க வேண்டும், அவை பழைய 70 கூற்றுகளுக்காக எழுதப்பட்டவை. இடஒதுக்கீட்டைச் சமத்துவ அச்சில் மட்டும் வையுங்கள்; முன்னேற்றத்திலும் சேர்த்துக் கட்டினால் முதல் கூற்றில் நடந்த கோளாறுதான் திரும்பவும் நடக்கும்.